ஒரு ஹோஸின் இரண்டு முனைகள்

எங்கள் கடைக்கு எந்த ஹோஸ் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் முனையைத்தான். எங்கே வெடித்திருக்கிறது, எவ்வளவு நீளம், என்ன வண்டி என்பதெல்லாம் அப்புறம். வேஸ்ட் துணியில் டீசலைத் தொட்டு, முனையில் அப்பியிருக்கும் சேற்றையும் கிரீஸையும் துடைத்துவிட்டு, அந்த இரும்பு வளையத்தை வெளிச்சத்தில் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைப்பேன். மூன்று வருடமாக இப்படித்தான்.

கடை என்னுடையதல்ல, அத்தானுடையது. அக்காவைக் கட்டியவர். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் போகும் சாலையில் டிராக்டர் உதிரிபாகம் விற்கிறார். கடையின் பின்மூலையில் ஹோஸுக்கு முனை அடிக்கும் கிரிம்பிங் மெஷின் ஒன்று நிற்கிறது, அதுதான் என் இடம். மண் அள்ளும் எந்திரம், டிப்பர், போர் போடும் லாரி, நெல் அறுக்கும் வண்டி, எதில் ஹோஸ் வெடித்தாலும் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் இங்கேதான் கொண்டுவருவார்கள். நான் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டால் அத்தானுக்குச் சிரிப்பு. மாப்பிள்ளை பெண் பார்க்கிற மாதிரி பார்க்கிறான், இன்னும் ஒன்றும் பிடித்தபாடில்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். எதைத் தேடுகிறேன் என்று அவரிடம் நான் சொன்னதில்லை.

நான் தேடியது நான் வரைந்த ஒரு ஃபெரூலை.

ஹோஸ் என்பது வெறும் ரப்பர் குழாய் அல்ல. வண்டியின் பாகங்களைத் தூக்கி இறக்கும் எண்ணெய் அதற்குள்தான் அழுத்தத்தோடு ஓடும் என்பதால், ரப்பருக்குள்ளே இரும்புக் கம்பியைப் பின்னி வைத்திருப்பார்கள். அதன் முனையில் இரண்டு உருப்படிகள் உண்டு. குழாய்க்கு உள்ளே நுழைவது நிப்பிள். குழாய்க்கு வெளியே தொப்பி மாதிரிப் போர்த்துவது ஃபெரூல். கிரிம்பிங் மெஷினின் எட்டுத் தாடைகளும் ஒரே நேரத்தில் சுற்றிலுமிருந்து நெரித்து ஃபெரூலைச் சுருக்கும். அதற்குள் இருக்கும் பற்கள் ரப்பரில் இறங்கிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். குறைவாக நெரித்தால், எண்ணெய் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கழன்று பறக்கும். எதிரே ஆள் நின்றால் அவ்வளவுதான். கூடுதலாக நெரித்தால் பற்கள் கம்பியை அறுக்கும், உள்ளேயிருக்கும் நிப்பிள் நசுங்கி எண்ணெய் போகிற வழி சுருங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் தலைமுடி அகலம்தான்.

அந்தத் தலைமுடி அகலத்தைப் பற்றி யோசிப்பதற்கென்றே சிலருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்கிறார்கள் என்பதே கல்லூரி முடித்துக் கோயம்புத்தூருக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் பதினொரு மாதம் பயிற்சியில் இருந்தேன். மாடியில் ஆறு மேஜைகள். என் மேஜை ஜன்னலோரம். கீழே சோதனைக் கொட்டகை. புது ஹோஸ்களை வரிசையாக மாட்டி, சுடுகிற எண்ணெயை உள்ளே விட்டு, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, நாள்கணக்கில் ஓட்டுவார்கள். ‘தம்’மென்று ஏறும், ஒரு மூச்சு நிற்கும், மறுபடி ‘தம்’. அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி என் நாற்காலிக் காலில் அதிரும். முதல் வாரம் தலைவலித்தது. பிறகு அது நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். நின்றால் ஏதோ ஒன்று தோற்றிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான் ஒருவன்தான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அம்மா தறிக்கு நூல் தார் சுற்றுகிறவள். விடுமுறையில் வந்தபோது, நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று அம்மா கேட்டாள். ரப்பர் குழாய்க்கு இரும்பில் மூடி வரைகிறேன் என்றேன். செய்கிறது யார் என்றாள். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். அப்பா தறியை நிறுத்தாமலே சத்தம்போட்டுக் கேட்டார்.

“மூடிய வரையதுக்கா நாலு வருசம் படிச்சே? மூடி உருண்டையாத்தானல இருக்கும்?”

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த உருண்டைக்குள்ளே இருக்கும் பற்களில்தான் நான் ஐந்து மாதமாக உட்கார்ந்திருந்தேன். அதுவரை அவர்கள் செய்த ஃபெரூல்களில் எல்லாப் பற்களும் ஒரே உயரம். நான் அவற்றை ஏறுமுகமாக வரைந்தேன். ஹோஸ் நுழையும் வாய்ப்பக்கம் பல் தாழ்வாக இருக்கும், உள்ளே போகப் போக உயரும். பிடி மெதுவாக ஆரம்பித்து ஆழத்தில் இறுகினால், ஹோஸ் அசையும்போது அதன் மொத்த இழுப்பும் முதல் பல்லில் விழாது என்பது என் கணக்கு. வெளிப்புறத்தில் சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். தாடை அதுவரைக்கும்தான் நெரிக்கலாம் என்று கிரிம்பிங் செய்கிறவருக்குக் கண்ணுக்குத் தெரியவேண்டும். படம் ஒரு பக்கம்தான். பிரிவின் தலைவியான மேடம் சிவப்புப் பேனாவோடு அரைமணி நேரம் அதைப் பார்த்தார். வாய் விளிம்பை யோசித்தாயா என்று மட்டும் கேட்டார். நேராக இருந்தால் போதும் மேடம் என்றேன். சரி, மாதிரி செய்து டெஸ்ட்டில் போடுவோம் என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரத்தில்தான் அப்பாவுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. இரண்டு மாதம் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

மேடம் இரண்டு தடவை போன் செய்தார். அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்று இரண்டு தடவையும் சொன்னேன். சொல்லும்போது நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க அம்மாவால் தனியாக முடியவில்லை. மூன்றாவது தடவை அவர் பெயர் போனில் தெரிந்தபோது நான் எடுக்கவில்லை. மறுபடி அடுத்த மாதம் என்று சொல்ல வாய் கூசியது. அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

என் ஃபெரூல் டெஸ்ட்டில் நின்றதா தோற்றதா என்பது எனக்குத் தெரியாமல் போனது இப்படித்தான். ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் செய்யவில்லை. தோற்றிருந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், அந்த மாடியில் நான் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது. ஜெயித்திருந்தால் அது உலகத்தில் எங்கோ வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும். என்றைக்காவது ஒரு வண்டி இந்தப் பக்கம் வராமலா போகும்? வந்தால் அதற்குப் பிறகு மேடத்துக்குப் போன் செய்ய எனக்கு ஒரு முகம் இருக்கும். அதை நம்பித்தான் ஒவ்வொரு முனையையும் துடைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது நிற்கிற டிப்பருக்கு அடியில் குனிந்து பார்த்து, டிரைவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

இங்கே வேலை வேறு மாதிரி. அளவெடுக்க யாரும் வண்டியைக் கொண்டுவர மாட்டார்கள். தறி ஓடுகிற ஊர் என்பதால் பாவு நூலில் ஒரு துண்டை எடுத்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் விறைப்பாகப் பிடித்து, இரண்டு முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அது குறுக்குவழி நீளம். அழுத்தம் ஏறினால் ஹோஸ் நீளத்தில் கொஞ்சம் சுருங்கும், அதற்கு இடம் விட்டுத்தான் வெட்டவேண்டும் என்று நானும் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்ப்பேன். ரப்பர் சுருங்குமா என்று சிரிப்பார்கள். இன்னொன்றும் உண்டு. முனையில் வெடித்தால் புது ஹோஸ் வாங்க மாட்டார்கள். கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்திலேயே புது முனை அடித்துக் கொடு என்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஹோஸ் நாலு விரல் குட்டையாகும்.

ராயகிரி அண்ணாச்சி முதலில் வந்தது அப்படித்தான். போன பிசானப் பருவத்து நெல் அறுப்பு தொடங்கிய சமயம். நெல் அறுக்கும் வண்டி ஒன்று வைத்திருந்தார், இரண்டாவது கையாக வாங்கியது. வண்டியின் முன்னால் கதிரை வெட்டுகிற பாகத்தைத் தூக்கி இறக்கும் ஹோஸைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு பைக்கில் வந்தார். ஒரு முனை கிழிந்திருந்தது. மறுமுனையில் தூசி ஏறாமலிருக்கச் சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். நான் வழக்கம்போல அதை அவிழ்க்கப் போனேன். அது நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் தொடாதே, இந்தப் பக்கத்தை மட்டும் பார் என்றார். வயலில் வண்டி நிற்கிறது என்று அவசரப்படுத்தினார். விட்டுவிட்டேன்.

கெட்டதை வெட்டினேன். இன்னும் நாலு விரற்கடை சேர்த்து வெட்டச் சொன்னார். தொங்கிக்கொண்டு கிடந்து வைக்கோலில் மாட்டுகிறதாம். கூடாது அண்ணாச்சி, தூக்கும்போது இழுக்கும் என்றேன். இருபது வருடமாக வண்டி வைத்திருப்பது நீயா நானா என்றார். அத்தான் கல்லாவிலிருந்து, அவர் சொல்லுகிறபடி செய்து கொடு மாப்பிள்ளை என்றார். வெட்டினேன். புது ஃபெரூல் போட்டு நெரித்து, வெர்னியரில் அளந்து, எப்போதும் போல மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன். ஃபெரூல் நழுவினால் அந்தக் கோடு முறிந்து காட்டும்.

அறுப்பு முடிகிற சமயத்தில் அதே ஹோஸோடு மறுபடி வந்தார். இந்தத் தடவை கழுத்தில் போடவில்லை. பிளாஸ்டிக் சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டார். டிரைவர் கதிர்ப் பாகத்தைத் தூக்கியபோது வெடித்து, அறுக்காத நெல்லின்மேல் எண்ணெய் மழையாகப் பெய்திருக்கிறது. நல்லவேளை, கிட்டத்தில் ஆளில்லை.

“உன் கையால அடிச்ச முன நிக்குதுல. கம்பெனிக்காரன் போட்டு அனுப்புனது போயிட்டு. படிச்சவன் வரைஞ்ச லெச்சணத்தப் பாத்தியா?”

மஞ்சள் கோடு இருந்த முனை அப்படியே இருந்தது. கோடு முறியவில்லை. சைக்கிள் டியூப் சுற்றிய மறுமுனையில்தான் ரப்பர் பிளந்து கம்பி முள்ளாக நின்றது. டியூப்பை வெட்டி எடுத்தேன். டீசல் துணியால் துடைத்தேன். ஃபெரூலைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடியது.

அப்படிக் கோடு போடுகிறவர்கள் வேறு யாராவது இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, அதை வைஸில் கட்டி, ஹேக்ஸா பிளேடால் நீளவாட்டில் அறுக்க ஆரம்பித்தேன். கட்டிங் வீலில் போட்டால் ஒரு நிமிட வேலை. அது உள்ளேயிருப்பதைக் கருக்கிவிடுமோ என்று பயம். அண்ணாச்சி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தான் டீ சொல்லி அனுப்பினார். இரண்டு பாதியும் பிரிந்து விழுந்தபோது, உள்ளே பற்கள் ஏறுமுகமாக இருந்தன. தாழ்ந்தது வாயில், உயர்ந்தது ஆழத்தில். ஒவ்வொரு பல்லும் கம்பியைத் தொட்டு நின்றதே தவிர அறுக்கவில்லை. ஹோஸ் அதற்குள்ளே நூல் அளவுகூட நகர்ந்திருக்கவில்லை.

ஒன்று மட்டும் என்னுடையதல்ல. நான் நேராக வரைந்திருந்த வாய் விளிம்பை யாரோ வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விரித்திருந்தார்கள். வேட்டியின் ஓரத்தை மடித்துத் தைத்த மாதிரி அவ்வளவு சீராக. ஹோஸ் வளையும்போது இரும்பின் கூர் அதன்மேல் பதியாமலிருக்க. நேராக இருந்தால் போதும் என்று மேடத்திடம் சொல்லி, நான் யோசிக்காமல் விட்ட இடம் அது.

ஹோஸ் வெடித்தது அந்த விளிம்புக்கு வெளியே, ஒரு பக்கமாக. கதிர்ப் பாகம் உயரும்போதெல்லாம் நீளம் போதாமல் ஹோஸ் இழுபட்டு, ஃபெரூலின் வாயிலேயே மடங்கியிருக்கிறது. சீசன் முழுக்க அதே இடத்தில் மடங்கியிருக்கிறது. நீளம் போதாமல் செய்தது நான். ஒரு முனையில் நான் வரைந்தது நின்றது. மறுமுனையில் நான் நெரித்ததும் நின்றது. நடுவில் நான் வெட்டிய நாலு விரற்கடைதான் ஹோஸைத் தின்றுவிட்டது. மூன்று வருடம் தேடியது கையில் இருக்கிறது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், கண் அந்தப் பிளவிலேயே போய் நின்றது.

கம்பெனிக்காரன்மேல் குற்றத்தைப் போட்டிருந்தால் அண்ணாச்சி நம்பியிருப்பார். அவரே சொல்லிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

“அண்ணாச்சி, ஃபிட்டிங்குல குத்தம் இல்ல. நான் நீளத்தக் கொறச்சதுதான் குத்தம்.”

“கொறைக்கச் சொன்னது நான்லா?”

“நீங்க சொன்னீங்க. சுருங்கும்னு தெரிஞ்சவன் நான்லா. தெரிஞ்சுக்கிட்டுத்தான் வெட்டுனேன்.”

அத்தான் இருமினார். அண்ணாச்சி சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்தார். பிறகு, அப்படியானால் நீயே வந்து அளந்து மாட்டு, நூலும் வேண்டாம், நானும் வாய் திறக்கவில்லை என்றார்.

ஹோஸ் சுருளையும் டேப்பையும் கட்டிக்கொண்டு அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ராயகிரிக்குப் போனேன். கதிர்ப் பாகத்தை அடிமட்டம் வரை இறக்கச் சொல்லி அளந்தேன். உச்சி வரை கட்டை கொடுத்துத் தூக்கச் சொல்லி அளந்தேன். சுருங்குவதற்கும், முனையிலிருந்து நேராக ஒரு சாண் வந்த பிறகு வளைவதற்கும் இடம் சேர்த்தேன். எண்ணெய் விழுந்த நெல்லைத் தனியாக அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, டவுனிலிருந்து வண்டிக்குச் சட்டை தைக்க ஆள் வந்திருக்கிறது என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். கடைக்குத் திரும்பி வந்து இரண்டு பக்கமும் நெரித்து, திரும்பவும் போய், ஹோஸின்மேல் அச்சடித்த எழுத்து வரி முறுக்காமல் நேராக ஓடுகிறதா என்று பார்த்து மாட்டினேன். சும்மா நிற்கும்போது அது தொங்கியது. அண்ணாச்சி அந்தத் தொங்கலைப் பார்த்தார், சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. டிரைவர் தூக்கியபோது தொங்கல் நிமிர்ந்து, இழுபடாமல் நின்றது.

மறுநாள் முற்பகல், கடையில் கூட்டம் இல்லாத நேரம், பின்பக்கம் வேப்பமரத்தடியில் நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். என் பெயர் அவர் போனில் இன்னும் இருந்தது. ஹலோ கூடச் சொல்லாமல், உயிரோடுதான் இருக்கிறாயா என்று கேட்டார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கம்பு ஊன்றி நடக்கிறார் என்றேன். பிறகு ஃபெரூலைப் பார்த்ததைச் சொன்னேன். ஹோஸ் ஏன் வெடித்தது என்று கேட்டார். நான் குட்டையாக வெட்டியதால் என்றேன்.

“மொத டெஸ்ட்டுல அது நிக்கலைப்பா. வாய்க்கிட்டயே அறுந்துது. அதச் சொல்லத்தான் மூணாவது தடவ கூப்பிட்டேன். உன்னோட படம், நீயே வந்து திருத்தட்டும்னு ரெண்டு மாசம் அப்படியே வெச்சிருந்தேன்.”

அந்த இரண்டு மாதமும் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். போன் அடித்தால் அவராக இருக்குமோ என்று திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கேட்காமலே அவர் சொன்னார், உன் மேஜையில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், இடம் எதுவும் காலியில்லை என்று. கடிந்து சொல்லவில்லை. ஃபெரூலின் வாயை விரித்தது அவள்தான், பேசுகிறாயா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழைப்பை அவளிடம் கொடுத்தார்.

அந்தப் பெண்ணின் குரலில் அவ்வளவு அவசரம்.

“அண்ணா, பல்ல எதுக்கு ஏறுமுகமா வெச்சீங்க? ஃபைல்ல எங்கயுமே காரணம் எழுதல. நான் தலையப் பிச்சுக்கிட்டேன்.”

சொன்னேன். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை, வேப்பமரத்துக்கு அடியில் நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவள் நடுநடுவே, இருங்க அண்ணா எழுதிக்கறேன் என்றாள். ஊர்ப்பக்கம் ஹோஸை வெட்டி வெட்டிக் குட்டையாக்குவார்கள், அதனால் வாய்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் நீளமாக விரிந்தால் நல்லது என்றேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரே ஹோஸை எத்தனை தடவை வெட்டுவார்கள், எந்த வண்டியில், எவ்வளவு குட்டையாக என்று கேட்டுக்கொண்டே போனாள். அறுத்த பாதியின் படத்தையும் அளவுகளையும் எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

அவள் நடந்துகொண்டே பேசியிருக்கவேண்டும். திடீரென்று அவள் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. ‘தம்’. ஒரு மூச்சு. ‘தம்’.

கொட்டகைக்கு வந்துவிட்டீர்களா என்று கேட்டேன். ஆமாம், புது செட் ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்க வந்தேன் என்றாள். போனைக் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. சரிங்க அண்ணா என்று எதன்மேலோ வைத்தாள். யாரோ அவளைக் கூப்பிடுவதும், அவள் போவதும் கேட்டது. போனை எடுக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

கடைக்குள்ளிருந்து அத்தான், ஆள் வந்திருக்கிறது மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். வாரேன் அத்தான் என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்தச் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.